ஓடத்துறை விபத்தும் மக்களின் உரிமைகளும்

அரியலூர் மாவட்டத்தின் தெற்கெல்லையாகக் கொள்ளிடமும், பெரம்பலூர் மாவட்டத்தின் வடபுறத்தே வெள்ளாறும் ஓடுகின்றன. பாலம் தொலைவிலுள்ள கரையோர ஊரார், நீர் பெருகிய காலத்தில் ஓடத்தையோ பரிசலையோ நாடுவது இயல்பு. ஓடம் கவிழ்ந்தால் 'விதி' என்று சொல்லி வாளாவிருந்துவிடுகிறோம். 2009 செப்டம்பர் 30இல் தேக்கடி ஏரியில் 45 பேரும், 2011 டிசம்பர் 25இல் பழவேற்காட்டில் 22 பேரும் படகு கவிழ்ந்து மாண்டனர். இத்தகைய இழப்புக்குச் சட்டம் வழங்கும் பரிகாரங்களை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, குற்ற வழக்கு. கூலிக்கு ஆளேற்றுபவர், பழுதுபட்ட ஓடத்திலோ அளவு மீறிய பாரத்துடனோ அறிந்தே அல்லது கவனமின்றி ஏற்றி உயிருக்கு ஆபத்து விளைவித்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 284ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆயினும், இத்தண்டனை மட்டும் காயமுற்றவரின் மருத்துவச் செலவை ஈடுசெய்யாது.

இரண்டாவது, நஷ்டஈடு. கூலி கொடுத்துச் சென்றவர், சேவைக் குறைபாட்டிற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கூலியின்றிச் சென்றவரும் கவனக்குறைவை மெய்ப்பித்து உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கிடலாம். பிறர் தவற்றால் ஒருவர் இறந்தால், அவருடைய கணவன் அல்லது மனைவி, பெற்றோர், மக்கள் ஆகியோர் நலனுக்காக 1855ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்குத் தொடரலாம். இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளே தவணை. ஓடக்காரர் தடுத்தும் கேளாமல் ஏறியவருக்குத் தொகை குறையக்கூடும்.

உரிமை இருந்தாலும் சான்று இன்றேல் பயனில்லை. உடனே காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுக. மருத்துவமனைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துக. ஓடத்தில் இருந்தோர் தொகையையும் சாட்சிகளின் பெயர்களையும் அன்றே குறித்து வைத்துக்கொள்க. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் உதவி பெறலாம்.

பஞ்சாயத்து உறுப்பினர்களின் கடமையும் சிறிதன்று. ஓடத்துறையில் ஏற்றத்தக்க ஆட்களின் எண்ணிக்கையை எழுதிவைத்தல், மிதவைச் சாதனங்கள் உளவா எனப் பார்த்தல், வெள்ளத்தின்போது ஓடத்தை நிறுத்தச் செய்தல் ஆகியவற்றைக் கிராம சபையில் தீர்மானிக்கலாம். நஷ்டஈடு பெறுவதினும் உயிரைக் காப்பதே மேலன்றோ?