பேர் சொல்வதை விட்டுப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. பவளப்பாறை உயிரினங்கள் பற்றிப் பெரிய படப்புத்தகம் ஒன்று வாங்கினேன். பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து படம், ஒவ்வொன்றுக்கும் பெயர். இரண்டு பக்கம் புரட்டுவதற்குள் எழுந்து ஓடிவிடுகிறாள். எப்படிப் படித்துக் காட்டுவது?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: பெயர்களைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். இந்த வயதுக் குழந்தைகள் ஒரு மீனை நினைவில் வைத்துக்கொள்வது அது செய்யும் காரியத்தை வைத்துத்தான். ஒரு நாளைக்கு ஒரே ஓர் உயிர் போதும்.

கிளிமீனிலிருந்து தொடங்கலாம். கிளி மூக்குப் போன்ற பல்லால் பாறையைக் கறுக்முறுக்கென்று சுரண்டும். படிந்திருக்கும் பாசிதான் சாப்பாடு. கூடவே வாய்க்குள் போகும் கல்லை அரைத்து மணலாகக் கழித்துவிடும். பல பவளத்தீவுகளின் வெள்ளை மணலில் இதற்குக் கணிசமான பங்கு உண்டு. மீன் ஆய் போனால் மணல் என்று சொல்லுங்கள், திரும்பத் திரும்பக் கேட்பாள். சில வகைக் கிளிமீன்கள் இரவில் வாயிலிருந்து சளியை விட்டு, உடம்பு முழுக்கப் போர்த்திக்கொண்டு தூங்கும். படுக்கப் போகும் நேரத்துக்குத் தோதான கதை.

அடுத்தது பவளம். நிறையப் புத்தகங்களில் இதை வண்ணக் கல்லாகவோ செடியாகவோ வரைந்து, மீன்களுக்குப் பின்னால் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதில் பெரிய வருத்தம். பவளம் ஒரு விலங்கு. நடுவில் வாய், சுற்றிலும் குட்டிக் கைகள். பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். இப்படி ஆயிரக்கணக்கானவை ஒட்டி வாழ்ந்து கட்டியதுதான் அந்தப் பாறை. பகலில் சுருங்கியிருந்து இரவில் கைவிரித்து இரை பிடிப்பவை நிறைய உண்டு. மகளை விரல்களை மூடித் திறக்கச் சொல்லுங்கள். கையால் செய்து பார்த்தது மறக்காது.

அடுத்த புத்தகம் வாங்கும்போது எரிக் கார்லின் ‘மிஸ்டர் சீஹார்ஸ்’ (2004) கிடைக்கிறதா பாருங்கள். முட்டைகளைப் பையில் சுமக்கும் அப்பா கடல்குதிரையின் கதை. கண்ணாடித்தாளைப் புரட்டினால் ஒளிந்திருக்கும் மீன் தெரியும். ஆங்கிலப் புத்தகம்தான், படத்தைக் காட்டி நீங்களே தமிழில் சொல்லிக்கொண்டு போங்கள். “அப்பாவா குட்டி போடும்?” என்று கேட்டால் ஆமாம் என்றே சொல்லுங்கள், அது நிஜம்.

இவை உங்களுக்குத் தூரத்திலும் இல்லை. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. 1986-இலிருந்து அது தேசியப் பூங்கா. அந்தப் பக்கம் போனால் பவளத் துண்டையோ காய்ந்த கடல்குதிரையையோ யார் நீட்டினாலும் வாங்காதீர்கள், சட்டப்படி குற்றம். மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். கிளிமீன் வந்திருந்தால், வாயைத் திறந்து பல்லைக் காட்டச் சொல்லி மீன்காரரிடம் கேளுங்கள்.