கோழிக்கூட்டுக்கு வரும் இரவு விருந்தாளி



வயலையும் மாட்டையும் விட்டு இடம்பெயர்ந்து, அமிர்தகழிப் பக்கம் சிறு வளவில் குடியிருக்கும் குடும்பத்துக்கு நாலைந்து நாட்டுக்கோழிகளே கையிருப்பு. பிள்ளையின் கொப்பிக்கும் அவசர மருந்துக்கும் அவைதான் கைகொடுக்கின்றன. ஓர் இரவில் கூடு வெறுமையானால் அது சிறிய இழப்பு அல்ல.

ஒரு தாயின் கூட்டில் ஒரே இரவில் ஐந்து கோழிகள் செத்துக் கிடந்தன. தின்னப்பட்டது ஒன்று மட்டுமே. "நஞ்சு வைக்கட்டுமா, சுவாமி?" என்று கேட்டார். கூட்டைச் சுற்றிப் பார்த்தோம். கூரையில் ஒரு கிடுகு உக்கிப்போயிருந்தது. மரநாய் அந்த வழியால்தான் இறங்கியிருந்தது.

வருவது யார்?

மரநாய் இரவில், மரத்தாலும் கூரையாலும் வரும். கீரி பகலில் வந்து முட்டையையும் குஞ்சையும் தூக்கும். நரி நிலத்தைத் தோண்டி நுழையும். கூட்டைச் சுற்றி மணலைப் பரப்பி வையுங்கள். காலையில் கால்தடம் சொல்லும்.

என்ன செய்யலாம்?

1. கூட்டை மூன்று அடி உயரத்தில் கால்களின் மேல் அமையுங்கள். கால்களைச் சுற்றித் தகரம் அடியுங்கள், ஏறினால் வழுக்கும்.
2. அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையே நல்லது. பெரிய கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், கீரியைத் தடுக்காது.
3. நிலத்தில் உள்ள கூடானால், வலையை ஓர் அடி ஆழம் புதைத்து வெளிப்பக்கமாக மடித்து விடுங்கள்.
4. கூரைக்கு மேல் தொங்கும் கொப்புகளை வெட்டுங்கள். பழுத்து விழுந்த பப்பாசியை அன்றே பொறுக்குங்கள். மரநாய்க்கு அது அழைப்பு.
5. பொழுது படுமுன் கோழிகளை அடைத்து, கதவுக்குக் கொழுக்கி போடுங்கள். கயிறு போதாது.

நஞ்சு வேண்டாம்

நஞ்சுக்கு ஆள் தெரியாது. அயலவரின் நாயும், தவழும் குழந்தையும் அதை எடுக்கலாம். வாவியோரப் பற்றைகளில் திரியும் கொடுப்புலி சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. மரநாயும் கீரியும் எலியைப் பிடித்து நமக்கு உதவுகின்றன. ஒன்றைக் கொன்றாலும் ஓட்டை இருக்கும்வரை இன்னொன்று வரும்.

எந்த விலங்கையும் வெறுங்கையால் பிடிக்காதீர்கள். கடித்தால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். விசர்நோய் வந்தபின் மருந்து இல்லை; கடித்தவுடன் போடும் ஊசியே காக்கும்.

அந்தத் தாய் கிடுகை மாற்றி, மேலே வலை அடித்தார். மறுநாள் மணலில் தடம் இருந்தது, கோழிகளும் இருந்தன.

குழுவில் கலந்துரையாட:
• நம் கூட்டில் பலவீனமான இடம் எது?
• கம்பிவலையை நாலு வீட்டார் சேர்ந்து வாங்கிப் பங்கிடலாமா?