999 ரூபாய் இயர்பட்ஸ் நிஜமாவே மலிவா? பொதிகை எக்ஸ்பிரஸ்ல போட்ட ஒரு கணக்கு

இந்த வாரம் எஸ்ஐபி இல்ல, டேர்ம் இன்சூரன்ஸும் இல்ல. இயர்பட்ஸ். "இதுக்கெல்லாமா ஒரு பாடம்?"னு கேட்பீங்க. கொஞ்சம் பொறுங்க, கணக்கைப் பார்த்துட்டு சொல்லுங்க.

போன குற்றால சீசனுக்கு ஊருக்குப் போறப்ப பொதிகை எக்ஸ்பிரஸ்ல என் சித்தி பையனும் கூட வந்தான். சென்னையில வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகுது, கைக்கு வர்ற சம்பளம் 25,000. எழும்பூர்ல ஏறினதும் காதுல மாட்டினவன், விழுப்புரம் வர்றதுக்குள்ள கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு முழிக்கிறான். இடது பக்கம் அவுட்.

"அண்ணே, இது மூணாவது செட்டு. எல்லாமே சேல்ல வாங்கினதுதான்"னான்.

முதல் செட்டு 899 ரூபாய், 5 மாசம் ஓடுச்சு. ரெண்டாவது 1,099, 8 மாசம். அதுல ஒண்ணு ஐந்தருவில தொலைஞ்சது. மூணாவது 1,299, நாலே மாசம். மொத்தம் 3,297 ரூபாய், 17 மாசம். வகுத்துப் பாருங்க, மாசத்துக்கு 194 ரூபாய். அவனோட ஃபோன் ரீசார்ஜ்ல பாதிக்கு மேல வருது. ஒரே தடவை 2,499 ரூபாய்க்கு வாங்கி அது 24 மாசம் உழைச்சிருந்தா மாசம் 104 ரூபாய்தான். பெட்டி மேல இருக்கிறது விலை. மாசக் கணக்குதான் செலவு. நாம எப்பவும் விலையைப் பார்த்துட்டு செலவை விட்டுடறோம்.

அதுக்காக விலை கூடின எல்லாமே அதிக நாள் உழைக்கும்னு நான் சொல்லல. இந்த வயர் இல்லாத இயர்பட்ஸ்ல ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கு. ஒவ்வொரு பட்ஸுக்குள்ளயும் ஒரு குட்டி லித்தியம் பேட்டரி. பெரும்பாலும் 30லேர்ந்து 60 எம்ஏஹெச்தான். உங்க ஃபோன்ல இருக்கிறது 5,000. சின்ன பேட்டரிங்கறதால தினமும் காலியாகி, தினமும் ரொம்பும். ரெண்டு மூணு வருஷத்துல அது தளர்ந்துடும், மாத்தவும் முடியாது, உள்ள ஒட்டி மூடியிருப்பாங்க. ஆக 10,000 ரூபாய் பட்ஸுக்கும் இதே ஆயுள்தான் ஏறக்குறைய. அதனாலதான் முதல் சம்பளத்துல விலை உயர்ந்த செட்டு வாங்கறதும் எனக்கு உடன்பாடு இல்ல.

என்னோட சொந்த ரூல் இது: மாசச் செலவு, கைக்கு வர்ற சம்பளத்துல அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 25,000 சம்பளம்னா 125 ரூபாய். ஆயுளை 24 மாசம்னு ஆசைப்படாம 18 மாசம்னு வெச்சுக்குங்க. 125 × 18 = 2,250. அதுதான் தம்பியோட உச்ச வரம்பு. உங்க சம்பளத்தைப் போட்டு நீங்களே பார்த்துக்கலாம்.

வாங்கறதுக்கு வேற வழியே இல்லையான்னா, இருக்கு. 500 ரூபாய்க்கு டைப்-சி வயர் இயர்போன் கிடைக்குது. 10 மாசம் ஓடினாலே மாசம் 50 ரூபாய். சார்ஜ் கவலை இல்ல, ஒரு பக்கம் மட்டும் தொலையாது. வீட்ல உக்கார்ந்து கேட்கறவங்களுக்கு இதைத்தான் சொல்வேன். கழுத்துல மாட்டுற நெக்பேண்ட்ல பேட்டரி பெருசு, பஸ்ல ஜன்னலோரம் தூங்கிட்டாலும் கீழ விழுந்து உருளாது. ஸ்டைலா இல்லங்கறதைத் தவிர அதுக்கு வேற பெரிய குறை எனக்குத் தெரியல.

ரயில்ல எது வேலை செய்யுது?

பெட்டியில ஏஎன்சின்னும் ஈஎன்சின்னும் போட்டிருப்பாங்க. ஒரே எழுத்துதான் வித்தியாசம், ஆனா ரெண்டும் வேற வேற. ஏஎன்சி உங்க காதுக்கு. வெளிச் சத்தத்தை மைக்ல பிடிச்சு, அதுக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி, உங்க காதுல அந்தச் சத்தத்தைக் குறைக்கும். ஈஎன்சி எதிர்முனைல பேசறவருக்கு. நீங்க பேசும்போது பின்னாடி கேட்கிற இரைச்சலைக் குறைச்சு அனுப்பும், அவ்வளவுதான். உங்களுக்கு ரயில் சத்தம் குறையவே குறையாது. "நாய்ஸ் கேன்சலேஷன்"னு பெருசா போட்டு, கீழ சின்னதா ஈஎன்சின்னு இருந்தா அது ரெண்டாவது வகை. தம்பி வாங்கின மூணுமே இதுதான்! மூணையும் ஏஎன்சின்னு நினைச்சே வாங்கியிருக்கான்.

சரி, நிஜ ஏஎன்சி வாங்கினா பொதிகைல நிம்மதியா தூங்கலாமா? ஏசி பெட்டியோட ஒரே சீரான ‘ம்ம்ம்’ இரைச்சல், ஃபேன் சத்தம், பஸ் இன்ஜின் உறுமல் இதெல்லாம் நல்லாவே குறையும். குழந்தை அழுறது, "டீ காஃபி"ங்கற குரல், மேல் பெர்த் குறட்டை இதெல்லாம் அவ்வளவா குறையாது, ஏன்னா அது சட்டு சட்டுன்னு மாறுற சத்தம். அதைத் தடுக்கிறது காதை அடைக்கிற அந்த சிலிக்கான் ரப்பர்தான். "35 டெசிபல் வரை குறைக்கும்"னா, ஏதோ ஒரு அலைவரிசையில கிடைச்ச உச்ச அளவு. எல்லாச் சத்தமும் அந்த அளவுக்குக் குறையும்னு அர்த்தம் இல்ல.

அந்த ரப்பர்தான் இந்தப் பாடத்துலயே முக்கியமான பொருள். பெட்டிக்குள்ள சின்னது, நடு, பெருசுன்னு மூணு ஜோடி இருக்கும். நம்மில் நிறைய பேர் ஏற்கெனவே மாட்டியிருக்கிறதையே வெச்சு ஓட்டிடறோம், மத்ததைக் கவரோட தூக்கிப் போட்டுடறோம். சரியான சைஸ் போட்டா பேஸ் தானா வரும், சத்தம் தானா அடங்கும், கீழ விழவும் விழாது. ரெண்டு காதுக்கும் வேற வேற சைஸ் தேவைப்படறதும் சகஜம்தான். எனக்கு வலது நடு, இடது பெருசு. இதுக்கு ஒரு பைசா செலவில்ல.

சரியா அடைக்கலேன்னா என்ன ஆகும்? நீங்க வால்யூமை ஏத்துவீங்க. ஸ்லீப்பர்ல ஜன்னல் திறந்திருக்கும், தண்டவாளச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கணும்னா முழு வால்யூம் வைக்கணும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு, வாரத்துக்கு 80 டெசிபல்ல 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல்னா வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம். 10 டெசிபல் கூடினதுக்கு நேரம் பத்துல ஒரு பங்கா சுருங்கிடுது. சென்னையிலேர்ந்து தென்காசிக்கு ஒரு ராத்திரிப் பயணம், அந்த ஒரு வாரக் கணக்கை ஒரே நாள்ல காலி பண்ணிடும். உள்காதுல செத்துப்போன முடி செல்கள் திரும்ப முளைக்காது. இதுக்கு மாசத் தவணையும் கிடையாது, எக்ஸ்சேஞ்ச் ஆஃபரும் கிடையாது. அதனாலதான் நான் பட்ஜெட்டுக்குள்ள ஏஎன்சி கிடைச்சா எடுத்துக்கங்கன்னு சொல்றேன். பாட்டு தரத்துக்காக இல்ல, குறைஞ்ச வால்யூம்ல கேட்க முடியுங்கறதுக்காக.

(இயர்போனே இல்லாம ஸ்பீக்கர்ல ரீல்ஸ் பார்க்கறவங்களுக்கு: ராத்திரி 10 மணிக்கு மேல ரயில்ல சத்தமா வைக்கக் கூடாதுன்னு ரயில்வே விதியே இருக்கு. பக்கத்து பெர்த்ல நான் இருந்தா ஞாபகப்படுத்துவேன்.)

பேட்டரி விஷயத்துல "40 மணி நேரம்"ங்கறது பெட்டியோட சேர்த்து. காதுல ஒரே தடவை எவ்வளவு நேரம் நிக்கும்னு பாருங்க, அதுவும் ஏஎன்சி ஆன்ல. 5 மணி நேரம் போட்டிருந்தா நிஜத்துல 4ன்னு எடுத்துக்கலாம். ஊர்ப் பயணத்துக்கு அது போதும். மிச்ச நேரம் தூங்குங்க.

அருவி, எண்ணெய், காத்து

இப்ப நம்ம ஊர் சமாச்சாரம். "ஐபிஎக்ஸ்5 போட்டிருக்கு, அருவிலயே குளிக்கலாம்ல?" இது தம்பி கேட்ட கேள்வி. ரெண்டாவது செட்டு தொலைஞ்ச கதையும் இதுதான்.

ஐபிஎக்ஸ்4ன்னா எந்தப் பக்கத்துலேர்ந்து தெறிச்சாலும் தாங்கும். சாரல், வியர்வைக்குச் சரி. ஐபிஎக்ஸ்5ன்னா ஒரு சின்ன நாசில்லேர்ந்து நிமிஷத்துக்கு 12.5 லிட்டர் பீச்சியடிச்சு டெஸ்ட் பண்ணியிருக்காங்க. ஐபிஎக்ஸ்7ன்னா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் முக்கி எடுத்திருக்காங்க. இதெல்லாம் லேப்ல, சுத்தமான தண்ணில, புதுப் பொருள்ல. பேரருவித் தண்ணி பொங்குமாகடல்ல விழுந்து வேகம் குறைஞ்சு வந்தும், நம்ம முதுகுல எப்படி அறையுதுன்னு நின்னவங்களுக்குத் தெரியும். அதுக்கு எந்த ஐபிஎக்ஸ் நம்பரும் கிடையாது. போதாக்குறைக்கு, அந்த நம்பர் பெரும்பாலும் பட்ஸுக்கு மட்டும்தான். சார்ஜிங் பெட்டிக்கு இருக்காது. ஈரமா பெட்டிக்குள்ள போட்டு மூடினா சார்ஜ் ஆகுற முனைகள் துருப்பிடிக்கும், ஒரு பக்கம் மட்டும் சார்ஜ் ஏறாது. தம்பியோட இடது பக்கம் செத்ததுக்குக் காரணம் அதுவாத்தான் இருக்கணும். நிறைய பிராண்டுகளோட வாரண்டி விதில தண்ணி பட்டு வர்ற பழுது சேராது, பெட்டியில ஐபிஎக்ஸ் நம்பர் இருந்தாலும் சரி.

குற்றாலத்துக்கே உரிய இன்னொரு எதிரி எண்ணெய். அருவிக்குப் போற வழியில மசாஜ் பண்ணிட்டு, காது ஓரமெல்லாம் எண்ணெய் வழிய பட்ஸை மாட்டினா, முன்னாடி இருக்கிற வலைக்கண்ணுல எண்ணெய் போய் அடைச்சுக்கும். சத்தம் குறைஞ்சுட்டே வரும், "பட்ஸ் போச்சு"ன்னு புதுசு வாங்குவோம். ரப்பரைக் கழட்டி, காய்ஞ்ச பிரஷ்ஷால வலையைச் சுத்தம் பண்ணாலே பாதி பட்ஸ் பிழைச்சுக்கும்.

செலவுக் கணக்கைத் தாண்டி ஒண்ணு. அருவிக்கரையில காதை அடைச்சுக்கிட்டு நிக்காதீங்க. தண்ணி திடீர்னு ஏறினா முதல்ல வர்றது விசில் சத்தம்தான். 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளத்துல ஒரு சிறுவன் உயிர் போச்சு. அங்க ஓடறதுக்குக் கிடைக்கிறது சில நொடிகள்தான், அந்த நொடியில காது திறந்திருக்கணும்.

அப்புறம் காத்து. தென்காசிக் கோயில் கோபுர வாசல்ல நுழையறப்ப ஆளைத் தள்ளுற காத்து அடிக்கும்ல, கால் மைக்கை டெஸ்ட் பண்ண அதைவிட நல்ல இடம் இல்ல. கடைக்குள்ள எல்லா மைக்கும் நல்லாத்தான் கேட்கும். ஆனி ஆடிக் காத்துல பைக்கை ஓரம் கட்டிட்டு மேனேஜருக்கு பதில் சொல்றவங்க, மத்தளம்பாறை ஜோஹோ ஆபீஸுக்குப் போய்வர்ற தம்பி தங்கச்சிகள், வாங்கின முதல் வாரத்துல வெளிய நின்னு ஒரு கால் பேசிப் பாருங்க. ஏஎன்சி ஆன்ல இருக்கும்போது காத்து மைக்ல அடிச்சு, உங்க காதுலயே ‘டப டப’ன்னு கேட்டாலும் கேட்கும். அப்ப ஏஎன்சியை ஆஃப் பண்ணிடுங்க.

முதல் வாரம்னு ஏன் சொல்றேன்னா, ஆன்லைன்ல இயர்பட்ஸுக்குப் பல இடத்துல 7 நாள், அதுவும் மாத்தித் தருவாங்க, பணம் திரும்ப வராது. அந்த ஏழு நாளும் அலமாரில வைக்காம நல்லா வேலை வாங்குங்க. ரெண்டு பக்கமும் ஒரே வேகத்துல சார்ஜ் இறங்குதான்னும் பாருங்க.

சேலும் மாசத் தவணையும்

எம்ஆர்பி 4,990, இன்னைக்கு 999, "80% தள்ளுபடி". இதுல 4,990ங்கற நம்பரை மறந்துடுங்க, அந்த விலைக்கு யாரும் வாங்கினதில்ல. விலை வரலாறு காட்டுற தளங்கள்ல கடந்த மூணு மாச விலையைப் பாருங்க. எப்பவுமே 1,099க்கு வித்த பொருள்னா உங்க லாபம் 100 ரூபாய்தான்.

நோ-காஸ்ட் இஎம்ஐ இன்னும் மோசம். 2,499 ரூபாய்க்கு மூணு மாசத் தவணை எடுக்கறீங்க, ப்ராசசிங் ஃபீ 199ன்னு வெச்சுக்கோங்க. அதுக்கு 18% ஜிஎஸ்டி சேர்ந்தா 235 ரூபாய். பொருள் விலையில 9 சதவீதத்துக்கு மேல. வட்டிப் பகுதிக்கு வேற தனியா ஜிஎஸ்டி போடுவாங்க. காஸ்ட் இல்லேன்னு யார் சொன்னது? 2,000 ரூபாய் பொருளைத் தவணைல வாங்க வேண்டிய நிலைமைன்னா, அந்த மாசம் அதை வாங்காம இருக்கறதுதான் சரி. மூணு மாசம் 700 ரூபாய் தனியா எடுத்து வெச்சா காசு கையில இருக்கும்.

வாங்கறதுக்கு முன்னாடி இன்னும் ஒரு வேலை. அந்தப் பிராண்டோட சைட்ல உங்க ஊர் பின்கோடு போட்டு சர்வீஸ் சென்டர் எங்கன்னு பாருங்க. தென்காசின்னா 627811. பக்கத்துல இல்லேன்னா வீட்டுக்கே வந்து எடுத்துட்டுப் போறாங்களா, ஒரு பக்கம் மட்டும் தொலைஞ்சா தனியா விக்கிறாங்களான்னும் கேளுங்க. பில்லை மெயில்ல போட்டு வைங்க, வாரண்டி அந்தத் தேதிலேர்ந்துதான் ஓடும். வாரண்டில இருந்தும் இழுத்தடிச்சா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ்லயும் பேசலாம்.

தம்பி கடைசில என்ன வாங்கினான்? தென்காசில ஒரு மொபைல் கடையில, அண்ணாச்சி நாலு மாடலை எடுத்துப் போட்டார். "எது சவுண்டு தூக்கலா இருக்கும்?"னு கேட்டவன்கிட்ட, "சவுண்டு இருக்கட்டும், முதல்ல காதுல நிக்குதான்னு தலையை ஆட்டிப் பாருடே"ன்னார். ரெண்டு மாடல் அங்கயே கழண்டு விழுந்துச்சு. மிச்ச ரெண்டுல ஏஎன்சி, ஐபிஎக்ஸ்4, ஒரு வருஷ வாரண்டி இருந்த ஒண்ணு, 1,999 ரூபாய். 18 மாசத்துக்கு வகுத்தா 111. வரம்புக்குள்ள வந்துடுச்சு. டைரி எழுதற மாதிரி ஃபோன்ல குறிச்சு வெச்சிருக்கான்: வாங்கின தேதி, விலை, இன்னைக்கு வரைக்கும் மாசச் செலவு. முதல் மாசம் 1,999. ரெண்டாவது மாசம் 1,000. இப்ப ஏழாவது மாசம், 286க்கு இறங்கியிருக்கு. அடுத்த சீசனுக்கு அருவிக்குக் கிளம்பறப்ப பட்ஸை லாட்ஜ் ரூம்லயே பூட்டி வெச்சுட்டு வர்றதா சொல்லியிருக்கான்.