கலைப் படிப்பும் கைத்திறனும்

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது பழமொழி. பத்தாம் வகுப்பில் பயிலும் எங்கள் முன் இன்று ஒரு கேள்வி நிற்கிறது. வரலாறோ இலக்கியமோ படிக்க விரும்புகிறோம் என்றால், "அதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய்?" என்கிறார்கள் வீட்டார். அக்கேள்வி தவறன்று. பெண் தன் உழைப்பால் வாழ வேண்டும் என்ற அக்கறையே அதில் உள்ளது. ஆகவே, விடையை ஆராய்வோம்.

புதிய பாடத்திட்டம்

1985-இல் தோன்றிய புதுவைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில், 2023-24 முதல் தேசியக் கல்விக் கொள்கையின்படி பாடத்திட்டம் மாறியது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வகுத்த அமைப்பின்படி, மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். வாரம் ஒரு மணி நேரமாக 15 வாரம் வகுப்பு நடந்தால் அது ஒரு கிரெடிட். இந்த 120-இல் முதன்மைப் பாடத்துக்கு 60. திறன் வளர்க்கும் பாடங்களுக்கு 9. கோடையில் ஓர் அலுவலகத்திலோ நிறுவனத்திலோ பெறும் பயிற்சிக்கு 2 முதல் 4. தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் இந்நோக்கம் உடையதே.

இது போதுமா?

திறனுக்கும் பயிற்சிக்கும் உரியவற்றைக் கூட்டினால் அதிக அளவாக 13. அதாவது ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. மற்ற எட்டுப் பங்கையும் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு, இந்த ஒரு பங்கில் மட்டும் தொழில் கற்றால் போதாது. முதன்மைப் பாடத்துக்குள்ளேயே தொழில் திறன் இருக்கிறது. அதை வெளிக்கொணர வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

புதுவை காட்டும் சான்று

கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் தலைமைத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். மொழியும் வணிகக் கணக்கும் உலகியல் அறிவும் அவரிடம் ஒன்றாய் இருந்தன. 1955-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முதலிய இடங்களில் புதுவையின் சைவச் சுவடிகள் காக்கப்படுகின்றன. யுனெஸ்கோ 2005-இல் அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பழைய எழுத்தைப் படிப்பதும், ஓலையைத் தூய்மை செய்வதும், அட்டவணை இடுவதும், படமெடுத்துக் கணிப்பொறியில் ஏற்றுவதும் மொழியும் வரலாறும் கற்றவர்க்கு உரிய பணிகள் அல்லவா?

இவ்வாறே வரலாற்று மாணவி பழைய தெரு ஒன்றின் வீடுகளை அளந்து குறிப்பெழுதிப் பயணிகளுக்கு விளக்கலாம். பிரெஞ்சு பயில்பவள் பழைய பத்திரங்களை மொழிபெயர்க்கலாம். தமிழ் பயில்பவள் அச்சுப்படி திருத்தலாம். பொருளியல் பயில்பவள் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை எழுதிப் பழகலாம்.

முடிவுரை

ஒரு காலத்தில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் பெண்களுக்கு வேலை வாங்கித் தந்தன. பின்னர் கணிப்பொறி வந்தது. கருவிகள் மாறும், தெளிவாகச் சிந்தித்துப் பிழையின்றி எழுதும் ஆற்றல் எக்கருவிக்கும் துணை நிற்கும். எனவே, அன்புத் தோழியரே, கல்லூரியில் சேரும்போது பெற்றோருடன் சென்று இவற்றைக் கேட்போம்: "இப்பாடத்தில் எங்கள் கையால் என்ன செய்வோம்? பயிற்சிக்கு எங்கே அனுப்புவீர்கள்? அதை மேற்பார்வை இடுபவர் யார்?" விடை தெளிவாய்க் கிடைக்குமானால், நாம் விரும்பும் கலைப் பாடத்தை அச்சமின்றித் தேர்ந்தெடுப்போமாக!