அடுத்த மர்ம நாவலைக் கண்டுபிடிப்பது எப்படி? புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"நல்ல க்ரைம் நாவல் ஒண்ணு சொல்லுங்களேன்" என்று யாராவது கேட்டால் நான் உடனே பெயர் சொல்வதில்லை. "கடைசியா எந்தக் கதைக்காகச் சோத்தை ஆற விட்டீங்க?" என்று திருப்பிக் கேட்பேன். ஒருவர் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' என்பார். இன்னொருவர் புத்தகமே சொல்ல மாட்டார், 'பாபநாசம்' படம் என்பார். இருவருக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுத்தால் ஒருவராவது என்னைத் திட்டுவார். 'மர்மம்' என்று ஒரே பலகையை மாட்டிக்கொண்டு உள்ளே நாலைந்து விதமான சரக்கை விற்கிறார்கள். எந்தச் சரக்கு நமக்கானது என்று தெரிந்துகொண்டால் தேடல் பாதி முடிந்த மாதிரி.

படி 1: உங்களை உட்கார வைத்த கேள்வி எது?

எந்த மர்மக் கதையும் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் நம்மை இழுக்கிறது. யார் செய்தது? எப்படிச் செய்தான்? ஏன் செய்தான்? மாட்டிக்கொள்வானா? இன்னும் நடக்கவில்லை, நடந்துவிடுமா? நல்ல நாவலில் இவை கலந்துதான் வரும். ஆனாலும் உங்களைப் பக்கம் புரட்ட வைத்தது பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்.

'பாபநாச'த்தையே எடுத்துக்கொள்ளுங்கள். யார் செய்தது என்று நமக்கு ஆரம்பத்திலேயே தெரியும், அதில் மர்மமே இல்லை. சுயம்புலிங்கத்தின் குடும்பம் போலீஸ் விசாரணையில் உளறிவிடுமோ என்ற பயத்தில்தான் நகத்தைக் கடித்தோம். அந்தப் படத்தைப் பத்துத் தடவை பார்த்த என் சித்தி மகனுக்கு, விவரம் புரியாத நாளில், அகதா கிறிஸ்டியின் நாவல் ஒன்றைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் புத்தகம் திரும்பி வந்தது. "எல்லாரும் டீ குடிச்சுக்கிட்டே பேசிக்கிட்டு இருக்காங்கண்ணே, யாரும் பயப்படவே மாட்டேங்கிறாங்க." தப்பு அகதா கிறிஸ்டி மேல் இல்லை. அவர் 'யார்' என்ற கேள்வியின் ராணி. இவனுக்கோ 'மாட்டுவானா' பசி.

அடுத்து ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' கொடுத்தேன். 2005-இல் வந்த நாவல். ஒரு கொலை நம் கண்ணெதிரேயே நடந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் அதை மறைக்கும் பொறுப்பை எடுத்துக்கொள்கிறார். இதற்கு மேல் சொன்னால் பாவம். ராத்திரி ஒன்றரை மணிக்குப் போன் செய்து, "அண்ணே, அந்த வாத்தியாரு..." என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

'நடந்துவிடுமா' என்ற கேள்வியின் வலுவைத் தெரிந்துகொள்ள ஃபிரெடரிக் ஃபோர்சைத்தின் 'தி டே ஆஃப் தி ஜக்கால்' போதும். பிரெஞ்சு ஜனாதிபதி டி காலைக் கொல்ல ஒரு கூலிக் கொலைகாரன் கிளம்புகிறான். புத்தகம் வந்தது 1971-இல். டி கால் அதற்கு முந்தைய ஆண்டுதான், தன் வீட்டில், இயற்கையாக இறந்திருந்தார். ஆகவே கொலை நடக்காது என்பது முதல் பக்கத்தைத் திறக்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், அவன் போலி பாஸ்போர்ட்டுக்கு ஏற்பாடு செய்வதையும் துப்பாக்கியைப் பிரித்து ஒளிப்பதையும் படிக்கும்போது உள்ளங்கை வியர்க்கிறது. முடிவு தெரிந்தால் சுவாரசியம் போய்விடும் என்பவர்களுக்கு நான் நீட்டும் புத்தகம் இதுதான்.

இப்போது ஒரு காகிதத்தில், நீங்கள் ரசித்த மூன்று கதைகளை எழுதுங்கள். படம், தொடர் எதுவானாலும் சரி. பக்கத்தில் அதன் கேள்வியை எழுதுங்கள். மூன்றில் இரண்டுக்கு ஒரே கேள்வி வந்தால் அதுதான் உங்கள் ரகம்.

படி 2: தமிழிலேயே தொடங்குங்கள்

இது மொழிப்பற்றால் சொல்வது இல்லை. மர்ம நாவலை வேகமாகப் படிக்க வேண்டும். எந்த மொழியில் கண் தடுக்காமல் ஓடுமோ, அதில் தொடங்குவதே நல்லது. அதோடு நம் கையிருப்பும் சின்னதில்லை. நடேச சாஸ்திரி 'தானவன்' என்ற போலீஸ் நிபுணனின் கதைகளை வெளியிட்டது 1894-இல்.

புதியவர்களுக்கு என் முதல் சிபாரிசு சுஜாதாதான். வக்கீல் கணேஷ் அறிமுகமான 'நைலான் கயிறு' 1968-இல் குமுதத்தில் வந்தது. அவனுடைய ஜூனியர் வசந்த் பிறகு வந்து ஒட்டிக்கொண்டான். அவன் வந்த பின்தான் அந்தக் கதைகளுக்கு உப்பு, காரம் எல்லாம் சரியாக அமைந்தது என்பது என் கட்சி. 'கொலையுதிர் காலம்' நாவலில் ஒரு பங்களா, சொத்துக்கு வாரிசாக ஒரு பெண், இரவில் தெரியும் உருவம். பேயா, மனிதன் செய்யும் வித்தையா என்று கணேஷும் வசந்தும் முட்டிக்கொள்வதுதான் அதில் ருசி. 'கரையெல்லாம் செண்பகப்பூ' வேறு ஜாதி. நாட்டுப்புறப் பாடல் சேகரிக்கக் கிராமத்துக்குப் போகிற கல்யாணராமன் ஜமீன் வீட்டில் தங்குகிறான். ஊரும் வெள்ளி என்ற பெண்ணும் மனசில் ஏறிய பிறகுதான் மர்மம் மெல்லத் தலை காட்டும். அவசரக்காரர்களுக்கு இது முதல் புத்தகமாக வேண்டாம்.

ஒரே உட்காரலில் முடிக்க வேண்டும் என்றால் மாத நாவல்கள். ராஜேஷ்குமார் 1500-க்கும் மேல் எழுதியிருக்கிறார். சம்பந்தமே இல்லாத இரண்டு தண்டவாளங்களில் கதையை ஓட்டி, கடைசியில் ஒரே ஸ்டேஷனில் நிறுத்துவது அவர் கைவரிசை. படிக்கும்போதே 'இது அதோடு எங்கே சேரும்?' என்று ஊகித்துக்கொண்டே போகலாம். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் வந்தால் வாய்த்துடுக்குக்குப் பஞ்சமில்லை. சுசீலாவின் டி-ஷர்ட் வாசகங்களுக்காகவே படித்தவர்கள் உண்டு. சுபா என்ற பெயரில் எழுதும் இரட்டையர்களின் நரேந்திரன், வைஜயந்தி கதைகளில் ஓட்டமும் துரத்தலும் அதிகம். பேய், சித்தர், குலதெய்வம் என்று மயிர் கூச்செறிய வேண்டுமானால் இந்திரா சௌந்தர்ராஜன். சிரித்துக்கொண்டே துப்பறிய தேவனின் சாம்பு. தேநீரும் கையுமாக வரும் தமிழ்வாணனின் சங்கர்லாலை இன்றைக்குப் படித்தால் கொஞ்சம் பழைய வாசனை அடிக்கும். உங்கள் தாத்தாவிடம் பேச்சுக் கொடுக்க உதவும்.

படி 3: பிடித்த புத்தகத்திலிருந்து ஒரே ஒரு எட்டு

புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு, 'உலகின் தலைசிறந்த நூறு' என்ற பட்டியலை எடுத்துக்கொண்டு ஒன்றாம் நம்பரில் இறங்குவது. நமக்குப் பிடித்ததற்கு ஒட்டினாற்போல, ஒரு விஷயம் மட்டும் மாறிய புத்தகத்துக்குப் போக வேண்டும். கேள்வி அதே, ஊர் வேறு. அல்லது ஊர் அதே, கேள்வி வேறு.

'கொலையுதிர் காலம்' பிடித்தவர், பேயா மனிதனா என்ற அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கோனன் டாயிலின் 'தி ஹௌண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்'க்குப் போகலாம். அங்கே பங்களாவுக்குப் பதில் சதுப்பு நிலம், உருவத்துக்குப் பதில் ஒரு நாய். அங்கிருந்து, பூட்டிய அறைக்குள் கொலை எப்படி நடந்திருக்கும் என்று மண்டையை உடைக்கும் ஜான் டிக்சன் காரின் 'தி ஹாலோ மேன்' (1935). துப்பறியும் டாக்டர் ஃபெல், கதையை நிறுத்திவிட்டு, பூட்டிய அறைக் கொலைகளில் எத்தனை வகை என்று ஒரு அத்தியாயம் முழுக்கப் பாடமே எடுப்பார்!

'எப்படி' ரகத்துக்காரர்களுக்கு நான் பொத்திப் பொத்தி வைத்துக் கொடுக்கும் புத்தகம் ஒன்று உண்டு: செய்ச்சோ மாட்சுமோட்டோவின் 'பாயிண்ட்ஸ் அண்ட் லைன்ஸ்'. 1950-களின் ஜப்பான். டோக்கியோ ஸ்டேஷனின் 13-ஆம் பிளாட்பாரத்தில் நிற்கிறவருக்கு 15-ஆம் பிளாட்பாரம் தெரியாது. நடுவில் எப்போதும் ஏதாவது ரயில் நிற்கும். நாள் முழுவதிலும் நான்கே நான்கு நிமிடம்தான் மறைப்பு இல்லை. அந்த நான்கு நிமிடத்தில் ஒரு ஆணும் பெண்ணும் ரயில் ஏறுவதைச் சிலர் 'தற்செயலாக'ப் பார்க்கிறார்கள். பிறகு இருவரும் கடற்கரையில் பிணமாகக் கிடக்கிறார்கள். காதல் தற்கொலை என்று எல்லோரும் விட்டுவிட, அந்தத் தற்செயல் ஒருவருக்கு மட்டும் உறுத்துகிறது. அதற்கப்புறம் கதை முழுக்க ரயில் கால அட்டவணைதான். எழும்பூர் ஸ்டேஷனில் வண்டிக்காக நின்றவர் யாருக்கும் இந்தக் கதை அந்நியமாக இருக்காது.

'சஸ்பெக்ட் எக்ஸ்' முடித்தவர்கள் பட்ரீசியா ஹைஸ்மித்தின் 'தி டாலன்டட் மிஸ்டர் ரிப்ளி'க்கு (1955) நகரலாம். கொலைகாரன் தப்பித்துவிட வேண்டுமே என்று நாமே வேண்டிக்கொள்வோம். அதுதான் அதில் சங்கடம், அதுதான் அதில் சுகம்.

போலீஸ்காரர்கள் உண்மையில் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்க்க ஆசையா? ஸ்வீடனின் மாய் ஷோவால், பேர் வாலூ இணையர் 1965 முதல் 1975 வரை பத்தே பத்து நாவல் எழுதினார்கள். முதலாவது 'ரோசன்னா'. கால்வாயைத் தூர் வாரும்போது ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. யார் என்று தெரியவே மாதங்கள் ஆகின்றன. விசாரிக்கும் போலீஸ்காரர் மார்ட்டின் பெக்குக்குச் சளி பிடிக்கிறது, வயிறு சரியில்லை, வீட்டில் சண்டை. துப்பு மட்டும் நகர மாட்டேன் என்கிறது. அந்த மந்தமே மெல்ல மெல்லப் பதற்றமாக மாறும்.

அகதா கிறிஸ்டியை எப்போது படிப்பது? 'யார்' ரகம் என்றால் இன்றைக்கே. 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' (1926) நாவலை மட்டும், முடிவை யாராவது உங்கள் காதில் போடுவதற்கு முன் படித்துவிடுங்கள். அதைப் பற்றி இணையத்தில் எதுவும் தேடாதீர்கள். தேடல் பெட்டியே மிச்ச வாக்கியத்தை முடித்து உளறிவிடும்.

படி 4: கடையில் நின்றபடி பத்து நிமிடச் சோதனை

பின்னட்டையில் முதல் இரண்டு வரிக்கு மேல் போகாதீர்கள். பாதிக் கதையை அங்கேயே அவிழ்த்துவிடுவார்கள். 'கீழே வைக்க முடியாது' என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கும். அதற்கு மதிப்பு இல்லை.

முதல் மூன்று பக்கம் படியுங்கள். பிணம் விழ வேண்டும் என்று அவசியமில்லை. ஏதாவது ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டாத கதவு, வராத ஆள், சொல்லாமல் விட்ட பதில். பிறகு நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து உரையாடலை மட்டும் பாருங்கள். ஆளாளுக்குக் குரல் வேறாகக் கேட்டால் வாங்கலாம். எல்லோரும் ஒரே ஆள் மாதிரி, நமக்குத் தகவல் சொல்வதற்காகவே பேசினால் வைத்துவிடுங்கள். கடைசிப் பக்கத்தின் பக்கம் விரல் போகக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இணையத்தில் மதிப்புரை பார்ப்பவர்களுக்கு: ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் கோபமோ பாசமோ. மூன்று நட்சத்திரம் போட்டவர்தான் 'நடுவில் இழுத்துவிட்டார், முடிவு சரி' என்று காரணம் சொல்வார். அந்தக் காரணம் உங்களுக்குத் தொந்தரவா என்று மட்டும் யோசியுங்கள். பரிசுப் பட்டியல் பார்ப்பதானால், அமெரிக்காவின் எட்கர், இங்கிலாந்தின் கோல்டு டாகர் இரண்டிலும் ஜெயித்தவரோடு இறுதிச் சுற்று வரை வந்த மற்ற பெயர்களையும் பாருங்கள். என் அனுபவத்தில் விறுவிறுப்பு பெரும்பாலும் தோற்றவர்களிடம்தான் இருந்திருக்கிறது.

படி 5: எங்கே கிடைக்கும்?

மாத நாவல்கள் பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் கடைகளில் முன்பு மாதிரி தோரணமாகத் தொங்குவதில்லை. கிடைக்கிற கடைகளில் கிடைக்கின்றன. பழைய இதழ்களில் நிறையவே இப்போது மின்னூலாக வந்துவிட்டன. பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் சுஜாதா முழுத் தொகுப்பும் ஒரே இடத்தில் இருக்கும். காசு செலவழிக்க வேண்டாம் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தைக் கேவலமாக நினைக்காதீர்கள். அங்கே எந்தப் புத்தகத்தின் முதுகு அதிகம் கிழிந்திருக்கிறதோ, அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

வீட்டில் இருந்தபடியே, செலவில்லாமல் படிக்க தமிழ் விக்கிமூலம். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல்கள் அங்கே இருக்கின்றன. அவருடைய 'கும்பகோணம் வக்கீல்'தான் எம்.என். நம்பியார் நடித்த 'திகம்பர சாமியார்' படமாக 1950-இல் வந்தது. நடை மணிப்பிரவாளம், வாக்கியம் முடிவதற்குள் காப்பி ஆறிவிடும். ஆனால் சூழ்ச்சி என்றால் சூழ்ச்சி.

படி 6: வரிசை, இடைவெளி, கைவிடுதல்

கணேஷ்–வசந்த், பரத்–சுசீலா கதைகளை எந்த வரிசையிலும் படிக்கலாம். மார்ட்டின் பெக்கை முதலிலிருந்துதான் படிக்க வேண்டும். அவர் வாழ்க்கையும் கூடவே நகர்கிறது. ஒரே எழுத்தாளரை அடுத்தடுத்து மூன்றுக்கு மேல் படிக்காதீர்கள். அவர் சீட்டை எங்கே ஒளிப்பார் என்று பிடிபட்டுவிடும். ஐம்பது பக்கம் போயும் உங்கள் கேள்வி எழவில்லை என்றால் மூடிவிடலாம், புத்தகம் கோபித்துக்கொள்ளாது.

பழைய பிரதி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

வார இதழ்த் தொடர்களைக் கிழித்து, நூல் கோத்து, காலிகோ அட்டை போட்டு பைண்டு செய்த பிரதிகள் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும். ஓவியங்களோடு படிக்க அதைப் போல் சுகம் இல்லை. ஆனால் வாங்குமுன் அத்தியாய எண்களை ஒன்று விடாமல் எண்ணிப் பாருங்கள். யாரோ ஒரு வாரம் ஊருக்குப் போயிருப்பார்கள், 17-ஆம் அத்தியாயம் இருக்காது. நான் அப்படி ஒரு கதையில், கொலைகாரன் கதவைத் தட்டும் இடத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போயிருக்கிறேன்.

கடைசிப் பக்கத்தையும் தடவிப் பாருங்கள், இருக்கிறதா என்று. வாடகை நூலகப் பிரதி என்றால் இன்னொரு ஆபத்து உண்டு. பள்ளிக்கூட நாளில், நாளைக்கு ஐம்பது காசு வாடகைக்கு எடுத்த ஒரு நாவலில், பதினான்காம் பக்கத்தில் ஒரு தோட்டக்காரன் அறிமுகமாகும் இடத்தில், நீல மையால் கோடு போட்டு ஓரத்தில் 'இவன்தான்' என்று எழுதியிருந்தது. பொத்துக்கொண்டு வந்தது கோபம். ஐம்பது காசு போச்சே என்று வேண்டாவெறுப்பாகப் படித்தேன். அந்தத் தோட்டக்காரன் ஒவ்வொரு தடவை மண்வெட்டியை எடுக்கும்போதும் 'தெரியும்டா உன்னை' என்று நினைத்துக்கொண்டேன்.

எண்பதாம் பக்கத்தில் தோட்டக்காரன் செத்துப்போனான். ஓரத்தில், அதே நீல மையில், அதே கையெழுத்தில், 'சாரி' என்று இருந்தது.