புளித்த ஆப்பிளும் குளிர்ந்த வெண்ணெயும்

இலையுதிர்காலம் வந்துவிட்டால், இங்கிலாந்தின் சிற்றூர்களில் தோட்டமுள்ள வீட்டார் சிலர் தங்களுக்கு மிஞ்சிய ஆப்பிள்களைக் கூடையிலிட்டு வாசலில் வைத்து, வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம் என்று அட்டையில் எழுதிவைப்பது வழக்கம். நாட்டிங்ஹாம்ஷயரில் நான் கழித்த முதல் அக்டோபர் மாதத்தில் அவ்விதம் எடுத்துவந்த பெரிய பச்சைப் பழங்கள், கடித்துத் தின்ன இயலாத புளிப்புடையனவாதலால் ஒரு வாரம் சீண்டுவாரின்றிக் கிடந்தன. அவை பிராம்லி என்னும் சமையல் ஆப்பிள்கள் என்பதும், அவ்வினத்தின் தாய்மரம் அருகிலுள்ள சவுத்வெல் ஊரில் 1809-ஆம் ஆண்டு மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபர்ட் என்ற இளம்பெண் ஊன்றிய விதையிலிருந்து முளைத்தது என்பதும், பிற்காலத்தில் அவ்வீட்டை வாங்கிய மாத்யூ பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரரின் பெயரே பழத்துக்கு நிலைத்தது என்பதும் அடுத்த வீட்டு மூதாட்டி சொல்லித் தெரிந்தன. விதையிட்டவளின் பெயர் வழங்காமற்போனது எனக்கு இன்றும் வருத்தமே.

அந்த அம்மையார் சொன்னபடி நான் செய்யத் துணிந்த பதார்த்தம், பழத்தின்மேல் உதிர்மாவைத் தூவி ஓவனில் சுட்டெடுக்கும் கிரம்பிள். வெண்ணெயை உருக்கி ஊற்றினால் வேலை சுலபமாகும் என்று எண்ணி அவ்விதமே செய்ததில், மேல்மாவு ஒரே பாளமாக இறுகிற்று. பழத்துடன் நீர் சேர்த்ததால் அடிப்பகுதி கூழாயிற்று. மறுவாரம் அவர் அருகில் நின்று கற்பித்த பக்குவத்தை இன்றளவும் நான் மாற்றவில்லை. 200 கிராம் மைதாவுக்கு 100 கிராம் வெண்ணெய், 100 கிராம் சர்க்கரை. வெண்ணெய் குளிர்ந்ததாக இருத்தல் அவசியம். அதைச் சிறு துண்டுகளாக்கி, உள்ளங்கையின் உஷ்ணம் படாமல், புட்டுக்கு மாவு பிசிறுவதுபோல் விரல்நுனிகளால் மட்டுமே மாவோடு உதிர்க்க வேண்டும். கரையாத வெண்ணெய்த் துகள்கள் அடுப்பிலே உருகும்போதுதான் மாவு பிரிந்து மொறுமொறுப்படைகிறது.

ஏறக்குறைய 800 கிராம் பழத்துக்குத் துளி நீரும் வேண்டாம். பிராம்லி தானே நுரைபோலக் கரைந்துவிடும் சுபாவமுடையது. மேல்மாவில் இனிப்பு இருப்பதால் பழத்தின்மேல் மூன்று தேக்கரண்டி சர்க்கரைக்கு மிகலாகாது. அந்தப் புளிப்பை அடக்கிவிட்டால் பதார்த்தத்தின் உயிரே போய்விடும் என்பது என் திடமான அபிப்பிராயம். மாவை அழுத்தாமல் தூவி, ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் 40 நிமிஷம் வைத்தால், ஓரங்களில் சாறு கொதித்து மேலெழும்.

பிராம்லி கிடைக்காத ஊரிலுள்ளோர் பச்சை நிறக் கிரானி ஸ்மித் பழத்தைக் கொண்டு செய்யலாம். அது எளிதில் கரையாதாகையால் மெல்லியதாகவே நறுக்குங்கள்.