யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம்



இந்த மாதச் சுவரிதழில் எனக்குக் கொடுத்த தலைப்பு "வன்முறையைத் தடுக்க அரசு செய்துள்ள ஏற்பாடுகள்". வன்முறை என்றதும் டிவி நியூஸில் வரும் அடிதடி, வெட்டுக்குத்து என்றுதான் நிறைய பேர் நினைப்பாங்க. அது மட்டும் இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு வீட்டில் பாத்திரம் உருளும், ஒரு அம்மா அழும், சின்னப் பிள்ளைங்க வெளியில ஓடி வந்து திண்ணையில உட்கார்ந்திருக்கும். அதுவும் வன்முறைதான். நம்மில் யாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை என்று சொல்ல முடியாது.

சத்தம் கேட்டதும் நாம என்ன செய்கிறோம்? கதவைச் சாத்துகிறோம். டிவி வால்யூமைக் கூட்டுகிறோம். "புருஷன் பொண்டாட்டி சண்டை, நடுவுல போனா நம்ம மூக்குதான் உடையும்" என்று எங்க பாட்டி சொல்லும். பாட்டி சொல்வதிலும் நியாயம் இருக்கு. குடிச்சிட்டு நிதானம் இல்லாம நிற்கிற ஆள் முன்னாடி போய் நிற்பது ஆபத்துதான். ஆனால் நடுவில் போகாமலே உதவி செய்ய ஒரு வழி இருக்கிறது. தகவல் சொல்வது! அதற்குச் சட்டமே நமக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. இது நம்ம ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியவில்லை என்பதால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். எங்க அத்தை அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாங்க. அவங்களிடமும், சமூக அறிவியல் சாரிடமும் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்குள் நடக்கும் அடி

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் பார்லிமெண்டில் நிறைவேறியது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அடிப்பது மட்டும்தான் குடும்ப வன்முறை என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. கேவலமாகத் திட்டிக்கொண்டே இருப்பது, கொன்னுடுவேன் என்று மிரட்டுவது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டை விட்டு வெளியே தள்ளுவது எல்லாமே அதில் வரும். மனைவிக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். ஒரே வீட்டில் இருக்கிற அம்மா, அக்கா, தங்கச்சி, மகள், விதவையான அண்ணி என்று எல்லாப் பெண்களுக்கும் பாதுகாப்பு உண்டு.

இந்தச் சட்டத்தின் 4-வது பிரிவுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு வீட்டில் இப்படி நடந்தது, நடக்கிறது, அல்லது நடக்கப் போகிறது என்று நம்புவதற்குக் காரணம் இருந்தால், 'எந்த ஒரு நபரும்' பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். அடி வாங்கியவங்களே வரணும் என்று இல்லை. சொந்தக்காரங்களாக இருக்கணும் என்றும் இல்லை. நல்ல எண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் அதற்காக வழக்கு எதுவும் போட முடியாது என்பதையும் அதே பிரிவில் எழுதி வச்சிருக்காங்க. அதாவது பக்கத்து வீட்டுக்காரர் சொல்லலாம். பால்காரர் சொல்லலாம். நானும் சொல்லலாம்.

பாதுகாப்பு அலுவலர் எங்கே இருப்பாங்க? நம்ம மாநிலத்தில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருப்பாங்க. அவங்க அந்தப் பெண்ணிடம் பேசி, நடந்ததை அறிக்கையாக எழுதி, நீதிமன்ற நடுவருக்கு அனுப்புவாங்க. நடுவரிடம் மனு போனால் மூன்று நாளுக்குள் முதல் விசாரணை வைக்கணும், அறுபது நாளுக்குள் முடிக்கப் பார்க்கணும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட இழுக்கும் என்று அத்தை சொன்னாங்க. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

இங்கேதான் எல்லோருக்கும் ஒரு பயம் வரும். "புகார் கொடுத்தா அப்பாவைப் பிடிச்சு ஜெயில்ல போட்டுடுவாங்க. அப்புறம் சோறு யார் போடுவா?" இந்த ஒரு பயத்தினாலேயே எத்தனையோ அம்மாக்கள் வாயைத் திறப்பதில்லை. ஆனால் இந்தச் சட்டத்தில் எடுத்ததும் ஜெயில் கிடையாது. முதலில் வருவது உத்தரவு. இனிமேல் அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது என்று நடுவர் பாதுகாப்பு உத்தரவு போடுவார். வீடு புருஷன் பேரில் இருந்தாலும், மாமியார் பேரில் இருந்தாலும், அந்தப் பெண்ணை வெளியே அனுப்பக் கூடாது என்று குடியிருப்பு உத்தரவும் போடலாம். பிள்ளைகள் செலவுக்கும், ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பணம் கொடுக்கச் சொல்லலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் அது குற்றம். அதற்கு ஓராண்டு வரை சிறை, இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (எலும்பு முறிகிற மாதிரி அடித்தால் அது வேற கேஸ். அதற்குப் போலீஸ் தனியாக வழக்குப் போடும்.)

வக்கீல் பீஸ் பற்றியும் பயப்பட வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வச்சுக் கொடுக்கணும். தாலுகா கோர்ட்டில் வட்ட சட்டப் பணிகள் குழு என்று போர்டு இருக்கும், அங்கே போய்க் கேட்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கலெக்டர் ஆபீஸ் பக்கம் போய் வர ரெண்டு பஸ் மாறணும், ஒரு நாள் கூலி போகும். அதனால் முதலில் போன் செய்வதுதான் சுலபம். பெண்களுக்கான எண் 181. தமிழ்நாட்டில் 2018 டிசம்பரில் ஆரம்பித்தது, 24 மணி நேரமும் உண்டு. அந்த நிமிடமே உயிருக்கு ஆபத்து என்றால் 112. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அது ஒரே எண். ராத்திரியில் வெளியே தள்ளிவிட்டால் எங்கே போவது? அதற்கு 2015-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கு. 'சகி' மையம் என்றும் சொல்வாங்க. வைத்தியம், போலீஸ் உதவி, வக்கீல், ஆலோசனை நாலும் ஒரே கூரைக்குக் கீழே கிடைக்கும். ஐந்து நாள் வரை பிள்ளைகளோடு அங்கே தங்கிக்கொள்ளலாம்.

நம்ம வயசுப் பிள்ளைகளுக்கு

நம்ம பள்ளிக்கூடத்துச் சுவரில் பெயிண்டில் எழுதியிருக்கும் 1098-ஐ எல்லோரும் பார்த்திருப்பீங்க. பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கி வருகிற எண், மறக்கவே மறக்காது. இது 1996-ல் மும்பையில் ரோட்டோரப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. முன்பு தொண்டு நிறுவனங்கள் நடத்தின. 2023-லிருந்து அரசே எடுத்து நடத்துகிறது. காசு கிடையாது. போன் செய்கிறவர் தன் பெயரைச் சொல்லியே தீரணும் என்றும் கிடையாது.

போன் செய்தால் என்ன கேட்பாங்க? பிள்ளைக்கு எத்தனை வயது, எந்த ஊர், என்ன நடக்கிறது, இப்போ பிள்ளை எங்கே இருக்கு, இதுதான். இடத்தைச் சரியாகச் சொல்வது முக்கியம். "எங்க தெரு" என்றால் அவங்களுக்குத் தெரியாது. மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, பக்கத்தில் இருக்கிற கோயிலோ ரேஷன் கடையோ சொல்லணும். ஏழாம் வகுப்பு தங்கச்சி ஒருத்தி, "அக்கா, பொய்யா போன் பண்ணிப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். கூடாது! நீ விளையாடுகிற நேரத்தில் உண்மையான போனுக்கு லைன் கிடைக்காமல் போகும்.

அடுத்தது போக்சோ சட்டம். இது 2012 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று நடைமுறைக்கு வந்தது. 18 வயதுக்குக் கீழே இருக்கும் எல்லோருக்கும் இது உண்டு. பசங்களுக்கும் உண்டு. இதைப் படிக்கும்போது பின்னாடி நின்னு சிரிக்கிற பசங்களும் தெரிந்துகொள்ளட்டும், சட்டம் அவங்களையும் காப்பாற்றுகிறது. இந்தச் சட்டத்தில் தகவல் 'சொல்லலாம்' என்று இல்லை, 'சொல்லியே ஆகணும்' என்று இருக்கிறது. தெரிந்தும் மறைத்தால் பெரியவங்களுக்குத் தண்டனை உண்டு. ஒரு நிறுவனத்தின் தலைமையில் இருக்கிறவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. (ஆசிரியர்களும் படிக்கணும் என்றுதான் இந்த வரிக்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். யாரும் கோவிச்சுக்காதீங்க.) பிள்ளைகளுக்கு அந்தத் தண்டனை கிடையாது.

ஸ்டேஷனுக்குப் போகணுமே என்று பயப்படுகிறவங்களுக்கு: பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, அல்லது பிள்ளை விரும்புகிற இடத்தில் எடுக்கணும். முடிந்தவரை பெண் சப் இன்ஸ்பெக்டர் எடுக்கணும், யூனிபார்ம் போட்டுக்கொண்டு வரக் கூடாது. அம்மா அப்பாவோ, பிள்ளைக்கு நம்பிக்கையான ஒருத்தரோ கூட இருக்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் ராத்திரியில் பிள்ளையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. பெயரோ, போட்டோவோ, பள்ளிக்கூடமோ பேப்பரில் வரக் கூடாது. இதெல்லாம் போலீஸ் செய்கிற சலுகை இல்லை, சட்டத்தில் இருப்பது.

கல்யாணம் பற்றியும் ஒரு வார்த்தை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடியாமல் கல்யாணம் செய்வதை 2006-ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் தடுக்கிறது. நடத்தி வைப்பவருக்கு இரண்டாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பத்திரிகை அடித்து மண்டபம் பேசிய பிறகுகூட நடுவர் தடை உத்தரவு போடலாம். அதை மீறித் தாலி கட்டினால் அந்தக் கல்யாணமே செல்லாது. இங்கேயும் தகவல் யார் வேண்டுமானாலும் தரலாம். "காலாண்டுப் பரீட்சை முடிஞ்சதும் அவ வரமாட்டா" என்று வகுப்பில் நாம குசுகுசுன்னு பேசிக்கிறோம் இல்லையா, அந்தப் பேச்சு 1098-க்குப் போனால் அவள் பத்தாம் வகுப்பு எழுதுவாள்.

போன் நம்ம கையில் இல்லையே

இது உண்மையான கஷ்டம். எங்க வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் அப்பா சட்டைப் பையில். அப்பாவைப் பற்றியே சொல்லணும் என்றால் அந்தப் போனில் எப்படிச் சொல்வது? நான் கேட்டதற்கு அத்தை சொன்ன வழிகள் இவை. வகுப்பு டீச்சரிடமோ தலைமையாசிரியரிடமோ நேரில் சொல்வது. வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை என்றால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவது. ஊருக்கு வருகிற கிராம சுகாதார செவிலியர் அக்காவிடம், அங்கன்வாடியில், அல்லது மகளிர் குழுத் தலைவியிடம் சொல்வது. பள்ளிக்கூட விஷயமாக இருந்தால் கல்வித் துறையின் 14417 எண்ணும் இருக்கிறது. ஒருத்தர் "சும்மா இரு, வெளிய சொல்லாத" என்று சொன்னால் அடுத்தவரிடம் போகணும். மூணாவது ஆளிடமும் போகணும்.

வழியில் நடக்கும் தொல்லை

1998-ல் சென்னையில் சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி, ஆட்டோவில் வந்தவர்கள் செய்த தொல்லையினால் கீழே விழுந்து, பிறகு இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் தமிழக அரசு அந்த ஆண்டே தனிச் சட்டம் கொண்டுவந்தது. முதலில் அதன் பெயரில் 'ஈவ் டீசிங்' என்று இருந்தது. பிற்பாடு 'பெண்களுக்குத் தொல்லை கொடுத்தல்' என்று மாற்றினார்கள். மாற்றியது நல்லது. கேலி, கிண்டல் என்று சொல்லும்போது ஏதோ விளையாட்டு மாதிரி ஆகிவிடுகிறது. நம்ம மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. இப்போது எல்லா மாவட்டத்திலும் இருக்கின்றன.

ஆனால் எல்லாவற்றுக்கும் போலீஸ்தான் வரணும் என்று இல்லை. பஸ் ஸ்டாப்பில் இறங்கி நம்ம காலனிக்கு வருகிற வழியில் மூணு கம்பத்தில் லைட் எரியவில்லை. டியூஷன் முடிந்து வருகிற பிள்ளைகள் அந்த இருட்டில் ஓடித்தான் வருகிறோம். தெரு விளக்கு ஊராட்சியின் வேலை. அதைக் கேட்க இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடும். ஓட்டு உள்ள யாரும் எழுந்து கேட்கலாம், கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம். கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு நம்ம ஊராட்சியில் கூடுகிறதா, கடைசியாக எப்போது கூடியது என்பதையும் அங்கேயே கேட்கலாம். அந்தக் குழுவில் பிள்ளைகளின் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு.

எங்களுக்கு ஓட்டு இல்லை, அதனால் எங்க அம்மாவும் இன்னும் ரெண்டு அம்மாக்களும் அடுத்த கிராம சபையில் கேட்பதாகச் சொல்லியிருக்காங்க. மூணு கம்பத்திலும் எழுதியிருக்கிற எண்ணை நானும் என் தோழிகளும் நோட்டில் குறித்து வைத்திருக்கிறோம். உங்க தெருவிலும் எரியாத லைட் இருந்தால் கம்பத்து எண்ணைப் பார்த்து எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் ஒன்பதாம் வகுப்பில் கொண்டு வந்து கொடுங்க. சேர்த்து ஒரே மனுவாக எழுதிக் கொடுக்கப் போகிறோம்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி